தடித்த நூலும் தயங்கிய விரல்களும்

எங்கள் பங்கு இல்லத்து நூலடுக்கில், மறையுரைத் தொகுப்புகளுக்கும் பழைய நாட்காட்டிகளுக்கும் இடையே, செங்கல் பருமனில் ஆங்கில நூல் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. 'வேர்ட்பெர்ஃபெக்ட்' என்னும் சொற்செயலி மென்பொருளுக்கான முழுமையான விளக்கநூல் அது. எனக்கு முன் இங்குப் பணியாற்றியவர் யாரோ வாங்கி வைத்தது. அந்த மென்பொருள் ஓடிய கணிப்பொறி என்றோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. நூல் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். எதையும் விடாமல் சொல்லும் ஒரு நூலைக் கொண்டு, எதையும் அறியாத ஒருவர் ஒரு கருவியைக் கற்றுக்கொள்ள இயலுமா? 1980களில் உலகின் பல்லாயிரம் அலுவலகங்கள் இக்கேள்வியோடுதான் போராடின.

தட்டச்சைப் பயில எவரும் நூலைத் தேடிப் போனதில்லை. பயிலகம் இருந்தது, கண்டிப்பான ஆசிரியர் இருந்தார், விரல்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை திரும்பத் திரும்ப அடிக்கும் பயிற்சி இருந்தது. 1964ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடாவில் எழுத்துகளைச் சேமித்து வைக்கும் தட்டச்சுப் பொறியை வெளியிட்டது. 1976இல் வாங் நிறுவனம் திரையிலேயே திருத்தி எழுதும் அமைப்பைக் கொணர்ந்தது. இவையெல்லாம் விலையுயர்ந்த பொறிகள். பெரிய அலுவலகங்களே வாங்கின. பொறியை விற்றவர்களே அதை இயக்குவோருக்குப் பயிற்சியும் அளித்தனர். ஆக, அதுவரை கற்பிப்பதற்கு அருகில் ஒரு மனிதர் இருந்தார்.

1981இல் ஐ.பி.எம். தனிநபர் கணிப்பொறி வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. பொறி மலிந்தது, தனியொருவரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. ஆனால் ஆசிரியர் உடன் வரவில்லை. பெட்டியைத் திறந்தால் சில வட்டுகளும், வளையமிட்ட அட்டைக்குள் ஒரு தடித்த கையேடும் இருந்தன. அந்தக் கையேடே ஆசிரியர், அதுவே மேற்பார்வையாளர், அதுவே அவசர உதவி. மென்பொருளை ஒருவர் வட்டிலிருந்து வட்டுக்குப் படியெடுத்து மற்றவருக்குக் கொடுத்த இடங்களிலோ அந்தக் கையேடும் கைமாறவில்லை. (இவ்வழக்கம் எந்த நாட்டிலும் அரிதாக இருந்ததில்லை, நம் நாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.) அவ்விடங்களில் புத்தகக் கடைகளில் விற்ற கனத்த விளக்கநூல்களே துணை.

இந்தத் தலைமுறையின் முதற்பெரும் சொற்செயலி 'வேர்ட்ஸ்டார்'. சீமூர் ரூபின்ஸ்டைன் தொடங்கிய மைக்ரோபுரோ நிறுவனத்திற்காக ராப் பார்னபி என்பவர் இதை எழுதினார். 1978-79 காலகட்டத்தில் வெளிவந்தது. அன்றைய விசைப்பலகைகள் பலவற்றில் அம்புக்குறி விசைகளே இல்லை. எனவே கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 'இ' என்றால் மேலே, 'எக்ஸ்' என்றால் கீழே, 'எஸ்' என்றால் இடப்பக்கம், 'டி' என்றால் வலப்பக்கம் என்று அமைத்தார்கள். விசைப்பலகையில் இந்நான்கு எழுத்துகளும் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வைரத்தின் நான்கு முனைகள் போல நிற்கும். நூலைப் படித்தவருக்கு இது வினோதமாகத் தோன்றும். விரலால் பழகியவருக்கு மூச்சு விடுவது போல எளிதாகும். பத்தியைக் குறிக்கவும் நகர்த்தவும் சேமிக்கவும் இரண்டிரண்டு எழுத்துக் கட்டளைகள் தனியே உண்டு.

வேர்ட்ஸ்டாரில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் திரையின் மேற்பகுதியில் கட்டளைகளின் பட்டியல் தோன்றும். புதியவருக்கு அது முழுமையாகத் தெரியும். பழகப் பழக உதவியின் அளவை மூன்றிலிருந்து சுழியம் வரை அவரே குறைத்துக்கொள்ளலாம். குறைக்கக் குறைய எழுதுவதற்கான இடம் கூடும். நல்ல ஆசிரியர் மாணவனிடமிருந்து சிறிது சிறிதாக விலகி நிற்பதைப் போன்ற செயல் அது.

இலங்கையில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளியான '2010: ஒடிசி டூ' என்னும் புதினத்தை வேர்ட்ஸ்டாரில்தான் எழுதினார், ஒரே ஒரு வட்டில் அடங்கிய அப்படைப்பு கொழும்பிலிருந்து நியூயார்க்கிற்குப் போயிற்று. கிளார்க் போன்ற தொழில்நுட்பப் பித்தர்களுக்கு எந்த நூலும் அச்சமூட்டுவதில்லை. நம் அக்கறை அவர்களைப் பற்றியதன்று. மேலதிகாரி 'நாளை முதல் இதில் அடியுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, அந்த நூலோடு தனித்து விடப்பட்ட தட்டச்சரைப் பற்றியது.

அவர் முன் அடுத்து வந்து நின்றதுதான் வேர்ட்பெர்ஃபெக்ட். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிரிகம் யங் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய ஆலன் ஆஷ்டன், புரூஸ் பாஸ்டியன் ஆகிய இருவர், ஓரம் நகராட்சியின் கணிப்பொறிக்காக முதலில் உருவாக்கியது இது. 1982இல் தனிநபர் கணிப்பொறிக்கும் வந்தது. 1989இல் வெளியான 5.1 பதிப்பு அலுவலகங்களை ஆண்டது என்றே சொல்லலாம். அதைத் திறந்தவுடன் தெரிவது வெறுந்திரை. கீழ்மூலையில் பக்க எண்ணும் வரி எண்ணும் மட்டும் ஒளிரும். வெள்ளைத்தாள் போல எழுதுவோர் மனம் சிதறாதிருக்கட்டும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். புதியவருக்கோ அது கதவில்லாத சுவர். அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் ஒரு சொல்கூடத் திரையில் இல்லை.

கட்டளைகள் அனைத்தும் எஃப்-1 முதலான செயல் விசைகளில் ஒளிந்திருந்தன. பத்து விசைகள், அவற்றைத் தனியாகவும், ஷிஃப்ட், ஆல்ட், கன்ட்ரோல் ஆகியவற்றுடன் சேர்த்தும் அழுத்தினால் நாற்பது வழிகள். இதை நினைவில் வைக்க இயலாது என்று நிறுவனமே உணர்ந்துதான், விசைகளை ஒட்டி வைத்துக்கொள்ள நான்கு வண்ணங்களில் அச்சிட்ட அட்டை ஒன்றையும் கொடுத்தது. தடித்த கையேட்டைவிட அந்த அட்டையே பலருக்குச் சோறு போட்டது என்பது என் கருத்து. வேறு பல மென்பொருள்களில் எஃப்-1ஐ அழுத்தினால் உதவி கிடைக்கும். இதிலோ உதவி எஃப்-3இல் இருந்தது. எஃப்-1 செய்யவிருந்த செயலை விலக்கும். வேறெதுவும் நடந்துகொண்டிராத வேளையில் அதே விசை, கடைசியாக அழித்த மூன்று பகுதிகளையும் மீட்டுத் தரும். அழித்ததை மீட்கலாம் என்று தெரிந்த கணத்தில்தான் பலருக்கு விரல் நடுக்கம் நின்றிருக்கும்.

வாடிக்கையாளர் கட்டணமின்றித் தொலைபேசியில் உதவி கேட்கும் வசதியையும் அந்நிறுவனம் அமெரிக்காவில் நடத்தி வந்தது. அழைப்புகள் குவிந்து, காத்திருப்போர் சலிப்படையாதிருக்க, வானொலி அறிவிப்பாளரைப் போல ஒருவர் பாட்டுப் போட்டுப் பேசிக்கொண்டே இருப்பாராம். எல்லாம் அடங்கிய கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டே மனிதர்கள் இன்னொரு மனிதரின் குரலுக்காக வரிசையில் நின்றார்கள்.

ஏன் நின்றார்கள்? விளக்கநூல் பெரும்பாலும் அகரவரிசையில் அமைந்தது. விவிலியச் சொல்லடைவைப் பயன்படுத்தியோர் அறிவர்: வசனத்தில் ஒரு சொல்லேனும் நினைவிருந்தால்தான் அது கைகொடுக்கும். விளக்கநூலும் அப்படியே. செய்ய வேண்டியது தெரியும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் தெரியாது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத நமக்குத் துன்பம் இரட்டிப்பு. இறையியல் படித்தவன் பொருளடைவில் 'ஜஸ்டிஃபிகேஷன்' என்று கண்டால், மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராக்கப்படும் அருளைப் பற்றி நினைப்பானேயன்றி, வரிகளின் இரு ஓரங்களையும் நேராக்கும் வேலை என்று எங்ஙனம் அறிவான்? அதே அடைவில் கைம்பெண்களையும் அனாதைகளையும் பாதுகாப்பது பற்றிய தலைப்பைக் கண்டு நான் ஒரு நாள் வியந்து நின்றதுண்டு. பத்தியின் ஒற்றை வரி பக்கத்தின் தலையிலோ அடியிலோ தனித்து நின்றுவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டிற்கு அச்சுத்தொழிலார் இட்ட பெயர் அது.

கற்க முடியாதவர்களைப் பற்றி அக்காலத்தில் எளிதாக ஒரு தீர்ப்புச் சொல்லப்பட்டது: இவர்களுக்குக் கணிப்பொறி என்றால் பயம், நூலைப் படிக்கச் சோம்பல். தட்டச்சர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இத்தீர்ப்பு இன்னும் எளிதாக ஒட்டிக்கொண்டது. தாங்களே குற்றவாளிகள் என்று அவர்களும் நம்பினர். கருவியின் பிழையைத் தம் பிழையாகவே மனிதர்கள் ஏற்றுக்கொள்கின்றனர் என்பதை டொனால்டு நார்மன் என்னும் உளவியலார் 1988இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

இத்தீர்ப்பைச் சோதித்துப் பார்த்தவர்கள் ஐ.பி.எம். நிறுவனத்திற்குள்ளேயே இருந்தனர் என்பதுதான் வியப்பு. நியூயார்க் மாநிலத்தில் உள்ள அதன் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தனர். சொற்செயலியை அறியாத அலுவலகப் பணியாளர்களை அழைத்து, பொறியையும் கையேட்டையும் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கற்கும்படி கேட்டுக்கொண்டனர், அருகிலிருந்து கவனித்தனர்.

அவர்கள் கண்டது இதுதான். எவரும் நூலைத் தொடக்கத்திலிருந்து படிக்கவில்லை. முன்னுரையைத் தாண்டி நேரே பொறியில் கைவைத்தனர். பின்னால் வரப்போவதை நூல் வெறுமனே விவரித்த இடங்களில்கூட, அதைச் செய்து பார்க்கத் தொடங்கினர். நூல் சொல்லும் படிகளில் ஒன்று தவறினால் திரை வேறாகிவிடும். அதன்பின் நூலின் அடுத்த படிக்கும் திரைக்கும் உறவே இருக்காது. நூலோ, தன் வாசகர் வழிதவறியதை அறியாமல் அமைதியாக அடுத்த படியைச் சொல்லிக்கொண்டே போகும். வழிதவறியவர் நடந்ததற்குத் தாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு மேலும் காட்டுக்குள் போவார். அவர்கள் சோம்பேறிகளாக இருக்கவில்லை. ஒரு கடிதத்தை அடித்து முடிக்கவே வந்திருந்தனர். நூல் அவர்களிடம் கடிதத்தைப் பற்றிப் பேசாமல் தன்னைப் பற்றியே பேசிற்று.

கேரல் குழுவினர் இரண்டு மருந்துகளைச் செய்து பார்த்தனர். தொடக்கநிலையினருக்கு ஆபத்தான கட்டளைகளை அழுத்தினால், 'இது இப்பயிற்சி அமைப்பில் இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும் மென்பொருள் ஒன்று. குழந்தையின் மிதிவண்டிக்குப் பக்கச் சக்கரங்கள் பூட்டுவதைப் போல. மற்றொன்று சுருங்கிய கையேடு. முன்னுரை, மீள்பார்வை யாவும் நீங்கின. உண்மையான வேலையோடு அது தொடங்கிற்று. சில படிகளை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டு, 'நீங்களே செய்து பாருங்கள்' என்றது. தவறு நேர்ந்தால் மீள்வது எப்படி என்பதற்கு மட்டும் இடத்தைத் தாராளமாகக் கொடுத்தது. அதே பொறியின் வணிகக் கையேட்டோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, சிறிய நூலால் கற்றவர்கள் விரைவாகவும் கற்றனர், வேலையையும் சிறப்பாகச் செய்தனர். 1987இல் இம்முடிவுகள் வெளியாயின. 1990இல் கேரல் எழுதிய நூலுக்கு 'நூரம்பர்க் புனல்' என்று பெயரிட்டார். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்தவரான ஹார்ஸ்டார்ஃபர் 1647இல் கவிதைக்கலையை ஆறு மணி நேரத்தில் ஊற்றிக் கொடுப்பதாகக் கூறி வெளியிட்ட 'புனல்' என்னும் நூலிலிருந்து எழுந்த பெயர் அது. தலையில் புனலை வைத்து அறிவை ஊற்றும் படத்தை இன்றும் ஜெர்மானியர் கேலியாக வரைவதுண்டு.

எனினும் தடித்த நூலை நான் முற்றாகப் பழிக்க மாட்டேன். முதல் கடிதத்தை அடித்து முடித்தவர் பின்னொரு நாள் அடிக்குறிப்பு இடவும், ஒரே மடலை நூறு பெயர்களுக்கு அனுப்பவும் விரும்புவார். அப்போது சிறிய நூல் கைவிரிக்கும். தொடங்கியவருக்கே அகராதி பயன்படும், தொடங்குவதற்கு அன்று. மைக்ரோபுரோ நிறுவனம் 1984இல் தன் பழைய கட்டளைகளை விட்டுவிட்டு 'வேர்ட்ஸ்டார் 2000' என்று புதிதாக ஒன்றை வெளியிட்டபோது, பழைய பயனாளர் பலர் அதனை ஏற்கவில்லை. விரலில் படிந்துவிட்ட கல்வியை எந்தக் கையேடும் அழித்தெழுத முடியவில்லை. இந்தப் பாடத்தை மைக்ரோசாஃப்ட் மறக்கவில்லை: விண்டோஸில் இயங்கும் தன் 'வேர்ட்' மென்பொருளில், வேர்ட்பெர்ஃபெக்ட் பழகியவர்களுக்கென்றே தனி உதவிப் பகுதி வைத்தது. வேர்ட்பெர்ஃபெக்ட் 1994இல் நாவெல் நிறுவனத்திற்கும் 1996இல் கோரெல் நிறுவனத்திற்கும் கைமாறியது. உதவி மெல்ல மெல்லத் தாளிலிருந்து திரைக்குள் குடியேறிற்று. 1997இல் கண்சிமிட்டும் காகிதக் கவ்வி ஒன்று அழையாமலே வந்து உதவ முனைந்து, உலகெங்கும் வசை வாங்கி, 2007 பதிப்பில் மறைந்தது. அச்சிட்ட கையேடு பெட்டியில் வருவதும் நின்றுபோயிற்று.

எங்கள் நூலடுக்கில் உள்ள அந்த நூலின் பக்கவிளிம்பைப் பார்த்தால் மூன்றே இடங்களில்தான் அழுக்கேறியிருக்கிறது: அச்சிடுவது, அடிக்குறிப்பு, அழித்ததை மீட்பது. மற்றப் பக்கங்கள் கடையில் வாங்கிய நிலையிலேயே உள்ளன. முன் அட்டையின் உட்புறத்தில், பென்சிலால், தமிழில், யாரோ ஒரு சிறு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். சேமிக்க எஃப்-10. பட்டியல் பார்க்க எஃப்-5. அச்சுக்கு ஷிஃப்ட்டும் எஃப்-7உம். வெளியேற வெறும் எஃப்-7. கடைசி வரி மட்டும் அடிக்கோடிடப்பட்டுள்ளது: எல்லாம் போய்விட்டது போலத் தோன்றினால் பதற வேண்டாம், எஃப்-1.