நாற்பதாயிரம் காமா நிலம்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவிக்கு இடமில்லை. பித்தளையும் மரமும்தான் புழங்கும். உரசலில் ஒரு பொறி பறந்தால் அறையே மிஞ்சாது. பூமியின் காந்தத்தை அளக்கும் கூடங்களிலும் இதே சட்டம் உண்டு, காரணம்தான் வேறு. அங்கே ஓர் இரும்பு ஆணி கிடந்தால் போதும், கருவியின் ஊசி பொய் சொல்லும். ஆகவே கதவுக் கீலைக்கூடச் செம்பிலோ பித்தளையிலோ அடிப்பார்கள்.

அப்படியொரு கூடத்தை விருதுநகர்ப் பக்கம் கட்டி இன்று அளந்தால், ஏறத்தாழ 40,000 நானோ டெஸ்லா என்று வரும். அதையே 40 மைக்ரோ டெஸ்லா, 0.4 காஸ், 40,000 காமா என்றும் எழுதலாம். நிலம் ஒன்று, அதன் காந்தம் ஒன்று. எண்கள் மட்டும் ஏன் இத்தனை?

முதல் எண் பெருவிலிருந்து வந்தது. 1802இல் அங்கே காந்த நடுக்கோட்டைக் கடந்த ஹம்போல்ட், அந்த இடத்தின் வலிமையை 1 என்று வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் நம் விருதுநகர் சுமார் 1.14. ஆனால் பூமியின் காந்தம் ஆண்டுக்காண்டு மாறும். பெருவில் மாறினால் உலகத்துக் கணக்கெல்லாம் ஆட்டம் காணும். இந்தக் குறையைத் தீர்த்தவர் காஸ். காந்தத்தையும் நீளம், எடை, நேரம் மூன்றாலேயே அளக்கலாம் என்று 1832இல் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டவை மில்லிமீட்டர், மில்லிகிராம், விநாடி. அதில் நம் நிலத்தின் எண் 4. ஆங்கிலேயருக்கு அடியும் கிரெயினும்தான் பழக்கம், அவர்கள் வழியில் அது 8.7. பிறகு விஞ்ஞானிகள் சென்டிமீட்டர், கிராமுக்கு வந்தபோது 0.4 ஆயிற்று. அந்த அலகுக்குத்தான் காஸின் பெயர் நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், காஸ் தன் கையால் எழுதிய எண்களை ‘காஸ்’ அலகுக்கு மாற்ற 10ஆல் வகுக்க வேண்டும்!

இது ஐரோப்பிய விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டியே போகிறது. திசைகாட்டி ஊசியை மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்டால், துருவப் பக்கங்களில் அது செங்குத்தாய் நிற்கும். இங்கே ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். இதற்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். சென்னை வானாய்வகத்தின் டெய்லரும், சுவாதித் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் அமைத்த ஆய்வகத்தின் கால்டிகாட்டும் 1830களின் இறுதியில் தென்னிந்தியாவில் பல இடங்களில் ஊசி வைத்துப் பார்த்தார்கள். 1852இல் திருவனந்தபுரம் வந்த ஜான் ஆலன் பிரௌன் இன்னும் ஒரு படி மேலே போனார். அகத்தியர் மலை உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேல், 1855இல் ஓர் ஆய்வகத்தை நிறுவினார். காட்டு வழியில் அவ்வளவு உயரத்துக்குக் கருவிகளைச் சுமந்துபோன கூலியாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தக் காலத்து ஆங்கில அலகு எண்ணை இன்று படிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு கிரெயின் 0.0648 கிராம், ஓர் அடி 30.48 சென்டிமீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.0461. பழைய எண்ணை இதனால் பெருக்கினால் காஸ் கிடைக்கும்.

காஸிலும் ஒரு தொல்லை இருந்தது. நடுக்கோட்டுப் பகுதியில் பகல் வேளையில், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வானத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அது தரையில் உண்டாக்கும் மாற்றம் மிகச் சிறியது. 0.001 காஸ் என்று எழுதி எழுதிச் சலித்தவர்கள், காஸில் லட்சத்தில் ஒரு பங்கைக் காமா என்றார்கள்; 0.001 காஸ் 100 காமா ஆனது. 1963 நவம்பர் 21இல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்ததற்கும் இந்தக் கோடும் இந்த மின்னோட்டமுமே காரணம். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இன்றும் இதைக் கவனித்துவருகிறது.

மேலே சூரியனுக்கும் காஸ் அலகே போயிற்று. மத்தாப்பில் மஞ்சளைத் தருவது சோடியம், சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்ஷியம் என்பது சிவகாசியில் பிள்ளைகளுக்கும் தெரியும். 1896இல் ஸீமன் அந்தச் சோடியச் சுடரை மின்காந்தத்தின் நடுவே வைத்தபோது, அதன் நிறமாலைக் கோடுகள் அகன்றன. இதை வைத்தே 1908இல் ஹேல், சூரியக் கரும்புள்ளியின் காந்தத்தைச் சுமார் 2,900 காஸ் என்று கணித்தார். அதன் தூண்டுதலில் கொடைக்கானலில் கரும்புள்ளியை ஆராய்ந்த எவர்ஷெட், 1909 ஜனவரியில் அங்கே வாயு சுழலாமல் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். அது இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது.

1960இல் பாரிஸில் கூடிய எடை, அளவைகள் மாநாடு டெஸ்லாவை ஏற்றது. 10,000 காஸ் ஒரு டெஸ்லா. பூமிக்கு அது ரொம்பப் பெரிய அலகு, மதுரையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனால் பொருத்தமான அலகு. அங்கே 1.5 டெஸ்லா இயந்திரத்துக்குள் படுத்தவர், ஊரில் இருப்பதைப் போல 37,500 மடங்கு காந்தத்துக்குள் இருந்திருக்கிறார். காமா மட்டும் யாரையும் சிரமப்படுத்தாமல் பெயர் மாறியது. ஒரு காமா என்பது ஒரு நானோ டெஸ்லாவேதான், எண்ணில் ஒரு புள்ளிகூட நகரவில்லை.

பழைய காந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுபவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: டெஸ்லாவுக்கு மாற்றிவிட்டோம் என்று மூல எண்ணையும் அதன் அலகையும் அழித்துவிடாதீர்கள். சிவகாசி அச்சகத்தாருக்கும் ஒன்று: டைரியில் ஏக்கரையும் ஹெக்டேரையும் அச்சிடும் பக்கத்தில், 1 டெஸ்லா = 10,000 காஸ், 1 காமா = 1 நானோ டெஸ்லா என்று ஒரு வரி சேருங்கள்.