சம நீளக் கம்பியிலிருந்து பின்னூட்ட வளையம் வரை: கடிகாரத் துடிப்பு ஒத்திசைவின் வளர்ச்சி

டிஜிட்டல் மின்சுற்றில் ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்பும் கடிகாரத் துடிப்பின் விளிம்பு வரும் கணத்தில்தான் தன் உள்ளீட்டைப் பதிந்துகொள்கிறது. 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு சுழற்சிக்குக் கிடைப்பது 1 நானோநொடி. அந்த நேரத்தில் மின்சுற்றுப் பலகையில் சமிக்ஞை கடக்கும் தொலைவு சுமார் 15 செ.மீ. மட்டுமே. துடிப்பு ஓரிடத்துக்கு முந்தியும் மற்றோரிடத்துக்குப் பிந்தியும் வந்தால் தவறான மதிப்பு பதிவாகிவிடும்.

இப்பிழை இரண்டு வகைப்படும். இடத்துக்கு இடம் இருக்கும் நிலையான வேறுபாடு ஸ்கியூ. ஒரே இடத்தில் சுழற்சிக்குச் சுழற்சி ஏற்படும் தடுமாற்றம் ஜிட்டர். முன்னதைப் பெரும்பாலும் வடிவமைப்பிலேயே குறைத்துவிடலாம். பின்னது இரைச்சலால் விளைவது. சுற்று இயங்கும்போதே அதைக் கவனித்துத் திருத்த வேண்டும். பாதைகளைச் சமப்படுத்தும் முறையிலிருந்து பிழையை அளந்து திருத்தும் முறைக்கு இத்துறை நகர்ந்ததற்கு இரைச்சலே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அளந்து வெட்டிய கம்பிகள்

சமப்படுத்தும் முறையின் உச்சம் கிரே-1. சீமோர் கிரே வடிவமைத்த இக்கணினி 1976இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குச் சென்றது. அதன் வேகம் 80 மெகாஹெர்ட்ஸ். ஒரு சுழற்சி 12.5 நானோநொடி. சமிக்ஞைகள் உரிய நேரத்தில் சேர வேண்டும் என்பதற்காக முறுக்கிய இணைக்கம்பி ஒவ்வொன்றும் குறித்த நீளத்துக்கு வெட்டப்பட்டது. ஒவ்வொரு சமிக்ஞையும் தன் எதிர்மறையுடன் இணையாகச் சென்றதால் மின்வழங்கலின் சுமை ஏறத்தாழ மாறாமல் இருந்தது. நிலைமாற்றத்தின்போது எழும் இரைச்சலும் குறைந்தது.

சில்லுக்குள் நிலைமை வேறு. அங்கே தாமதத்தைக் கம்பியின் நீளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. டிரான்சிஸ்டர்களின் உற்பத்தி வேறுபாடு, வெப்பநிலை, மின்னழுத்தம் ஆகியவையும் அதை மாற்றுகின்றன. சம நீளத்தால் சம நேரத்துக்கு உறுதி தர முடியாமல் போனது.

வளையத்தின் தோற்றம்

இதற்கான விடை வானொலித் துறையில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. 1932இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டு பெல்சீஸ், உள்ளூர் அலையியற்றியை வரும் அலையின் கட்டத்தோடு பூட்டும் பின்னூட்ட வளைய முறையை விவரித்தார். 1943இல் கே. ஆர். வெண்ட், ஜி. எல். ஃபிரெடெண்டால் இருவரும் அதே கொள்கையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தனர். அதுவரை ஒத்திசைவுத் துடிப்பு ஒவ்வொன்றும் படத்தின் ஒரு வரியை நேரடியாகத் தொடங்கிவைத்தது. இரைச்சல் குறுக்கிட்டால் அந்த வரி விலகியது. புதிய முறையில் ஏற்பி தன் அலையியற்றியை வைத்துக்கொண்டு, பல துடிப்புகளின் சராசரிப் பிழையைக் கொண்டே அதைத் திருத்தியது. தனி ஒரு துடிப்பை நம்பாமல் இருப்பதுதான் அதன் வலிமை.

சில்லுக்குள் வந்த வளையம்

1992இல் இன்டெல் நிறுவனத்தின் இயன் யங் குழு, 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட நுண்செயலிக்குள் வெளிப்பாகம் எதுவும் இல்லாமல் இவ்வளையத்தை அமைத்ததை அறிவித்தது. 50 மெகாஹெர்ட்ஸில் ஸ்கியூ 0.1 நானோநொடிக்கும், ஜிட்டர் உச்சத்துக்கு உச்சம் 0.3 நானோநொடிக்கும் குறைவு. அதே ஆண்டு வெளிவந்த டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்ஃபா 21064 நுண்செயலி, 200 மெகாஹெர்ட்ஸில் 3,250 பிகோஃபாரட் கடிகாரச் சுமையை இயக்கியது.

இத்தனை பெரிய சுமை ஒரே விளிம்பில் நிலை மாறும்போது மின்னழுத்தம் தாழ்கிறது. அதே மின்வழங்கலில் இயங்கும் அலையியற்றியின் அதிர்வெண்ணும் உடனே மாறுகிறது. ஒரு சுழற்சியில் ஏற்பட்ட பிழையிலிருந்தே அடுத்த சுழற்சி தொடங்குவதால் பிழை சேர்ந்துகொண்டே போகிறது. ஒத்திசைவுக்காக வைத்த சுற்றே இரைச்சல் நுழையும் வாயிலாகிவிட்டது.

வளையம் பிழையை எவ்வளவு விரைவாகத் திருத்துகிறது என்பதைக் குறிக்கும் அலையகலத்தைத் தீர்மானிப்பது இங்கேதான் கடினமாகிறது. அகலம் குறைந்தால் வெளியிலிருந்து வரும் துடிப்பின் இரைச்சல் வடிகட்டப்படும். ஆனால் உள் அலையியற்றியின் பிழை திருந்த நெடுநேரமாகும். அகலத்தைக் கூட்டினால் இது தலைகீழாகும். விருப்பம்போல் கூட்டவும் முடியாது. வளையம் விளிம்புக்கு விளிம்பு மட்டுமே பிழையை அளப்பதால் ஓர் எல்லைக்கு மேல் அது நிலைகுலையும் என்பதை 1980இல் ஃபிளாய்ட் கார்ட்னரின் பகுப்பாய்வு காட்டியது.

இதற்கு இரண்டு தீர்வுகள் எழுந்தன. 1988இல் மார்க் ஜான்சனும் எட்வின் ஹட்சனும் மையச் செயலியையும் துணைச் செயலியையும் ஒத்திசைக்க, அலையியற்றிக்குப் பதிலாக மாறும் தாமதக் கோட்டைப் பயன்படுத்தினர். ஒவ்வொரு விளிம்பும் வெளியிலிருந்து புதிதாக வருவதால் பிழை சேர்வதில்லை. ஆனால் வரும் துடிப்பின் ஜிட்டர் அப்படியே கடந்துவிடும். 1996இல் ஜான் மனியாட்டிஸ், வளையம் தன் சார்பழுத்தங்களைத் தானே அமைத்துக்கொள்ளும் முறையை முன்வைத்தார். அலையகலத்துக்கும் இயங்கு அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதம் அதில் மாறுவதில்லை. எனவே உற்பத்தி வேறுபாடுகளுக்காக விட்டுவைக்கும் இடைவெளி தேவையற்றுப்போனது. அலையகலத்தை எல்லைக்கு அருகிலேயே வைக்க முடிந்தது.

அடுத்த கட்டத்தில் திருத்தம் சில்லு முழுவதும் பரவியது. 2000இல் விவரிக்கப்பட்ட முதல் ஐஏ-64 நுண்செயலியில் ஆங்காங்கே தனித்தனித் திருத்திகள் தாமதத்தை ஒப்பிட்டுச் சரிசெய்தன. ஸ்கியூ 28 பிகோநொடிக்கு இறங்கியது.

முடிவுரை

இவ்வரலாற்றில் சமப்படுத்தும் முறை மறையவில்லை. இன்றும் சில்லின் கடிகாரக் கிளைகள் சமச்சீராகவே வரையப்படுகின்றன. ஆனால் அது நிலையான பிழைக்கு மட்டுமே மருந்து. காலத்தோடு மாறும் பிழைக்குக் காலத்தோடு அளக்கும் சுற்று வேண்டும்; அச்சுற்றும் இரைச்சலுக்கு உட்பட்டதே. வெளித்துடிப்பை எவ்வளவு நம்புவது, உள் அலையியற்றியை எவ்வளவு நம்புவது என்பதை ஒவ்வொரு வடிவமைப்பும் அலையகலத்தின் வழியே முடிவுசெய்கிறது. இரண்டின் இரைச்சலையும் அளந்து பார்க்காமல் எடுக்கும் முடிவு ஊகமாகவே இருக்கும்.