முதுகுக்கு இறங்கிய முக்காடு

பட்டமளிப்பு விழாப் படங்களில் கறுப்பு அங்கி தெரியும், சதுரத் தொப்பி தெரியும். முதுகில் தொங்கும் ஹூட் அநேகமாகப் படத்தில் விழுவதில்லை. ஆனால் கதை அதிகம் உள்ளது அதற்குத்தான்.

12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர்களில் பெரும்பாலோர் திருச்சபையைச் சார்ந்தவர்கள், உச்சந்தலையை மழித்தவர்கள். பாடம் நடந்ததோ குளிரடிக்கும் கல் கட்டடங்களில். தலையையும் தோளையும் சேர்த்து மூட ஒரு முக்காடு வேண்டியிருந்தது; அதுதான் ஹூட். அது மாணவர்களுக்கென்று தைத்ததல்ல, ஊரார் எல்லாரும் போட்டுக்கொண்டதுதான். பிறகு தொப்பி வந்தது. தலையில் இடமிழந்த முக்காடு தோளுக்கு இறங்கி, முதுகுக்குச் சரிந்தது. ஊரார் கைவிட்டார்கள், பல்கலைக்கழகங்கள் விடவில்லை. வேலை போன பிறகு அதற்கு ஒரு கௌரவப் பதவி கிடைத்தது: உடுத்தியவர் என்ன பட்டம் பெற்றவர் என்பதை நிறத்தால் சொல்வது.

இந்த நிறக்கணக்கில் அமெரிக்கர்களை மிஞ்ச ஆளில்லை. 1895-ல் அங்கே பல்கலைக்கழகங்கள் கூடி ஒரு பொது விதி வகுத்தன. அதன் இன்றைய வடிவில் இளங்கலைக்கு 3 அடி நீள ஹூட், முதுகலைக்கு மூன்றரை, முனைவருக்கு 4 அடி. உள்துணியில் பல்கலைக்கழகத்தின் நிறம், வெல்வெட் ஓரத்தில் படிப்பின் நிறம்: மருத்துவத்துக்குப் பச்சை, சட்டத்துக்கு ஊதா, அறிவியலுக்குப் பொன்மஞ்சள். பிரிட்டனில் அப்படியொரு பொது ஒழுங்கு கிடையாது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இஷ்டப்படி.

ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்குவதே ஓர் உடை மாற்றும் சடங்கு. பழைய அங்கியோடு உள்ளே வந்து, பட்டம் ஆனதும் வெளியே போய், புதிய பட்டத்துக்குரிய அங்கியும் ஹூட்டும் அணிந்து திரும்ப வேண்டும். நடுவில் ப்ராக்டர்கள் எனப்படும் அதிகாரிகள் அரங்கில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். மாணவர் யாரேனும் கடன் பாக்கி வைத்திருந்தால், கடைக்காரர் ப்ராக்டரின் அங்கியைப் பிடித்து இழுத்துப் பட்டத்தைத் தடுக்கலாமாம்! நம் ஊர் மெஸ் முதலாளிகளுக்கு இந்த வழி தெரியாமல் போயிற்று.

பெண்கள் அங்கே தேர்வெழுதி வெகுகாலத்துக்குப் பிறகு, 1920-ல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அவர்களுக்குப் பட்டம் தந்தது. கேம்பிரிட்ஜ் 1948 வரை இழுத்தடித்தது. ஆண்கள் மட்டுமே பட்டம் வாங்கிய அந்தப் பழைய காலம் ஹூட்டின் தையலிலும் இருக்கிறது. கழுத்துப் பட்டியின் நுனியில் சின்னதாக ஒரு நூல் வளையம். சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்கு. மாட்டாவிட்டால் பின்பக்கக் கனம் இழுத்துத் தொண்டையை அழுத்தும்.

1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். குளிருக்குப் பிறந்த உடை புழுக்கமான ஊருக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். சேலை கட்டிய பெண்கள் பட்டம் வாங்க வந்தபோது வளையத்துக்குப் பொத்தான் இல்லை. ஊக்கு வந்தது. இன்றும் விழா நாள் காலையில் வாடகை அங்கி விநியோகிக்கும் மேசையைச் சுற்றி, ஒருத்திக்கு இன்னொருத்தி ஊக்குக் குத்திவிடுவதைப் பார்க்கலாம்.

2010-ல் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழாவின்போது மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இந்த உடை காலனிய எச்சம் என்று சாடி, மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். சாந்திநிகேதனில் அதற்கு வெகுகாலம் முன்பே வேறு வழக்கம்: பட்டத்தோடு ஏழிலைப்பாலைக் கொத்து ஒன்று தருவார்கள். அந்த மரத்தில் பள்ளிச் சிலேட்டுப் பலகை செய்ததால் தாவரவியல் பெயரிலேயே 'ஸ்காலாரிஸ்' இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான பட்டச் சின்னம் எனக்குத் தோன்றவில்லை.

2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு விழா உடைகளைக் கைத்தறியில் தைக்கச் சொன்னது. சென்னை வெயிலுக்குப் பாலியெஸ்டரைவிட அது எவ்வளவோ மேல். துணியை மாற்றும்போது தையலையும் கொஞ்சம் மாற்றலாம். அங்கியின் இரு தோள்களிலும் தலா ஒரு பொத்தான், ஹூட்டில் அதற்கு நேராக இரண்டு வளையம். தையற்காரருக்கு அரை மணி வேலை.