சர்வேசுரன்: ஆவூர்ப் பாட்டி சொன்ன சொல்

ஆவூருக்குப் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைப் பக்கம் உள்ள ஊர். அங்கே பெரியநாயகி மாதா கோயில் பிரசித்தம். இப்போதுள்ள கோயில் 1747-ல் கட்டியது. அதற்கு முந்தையதை எழுப்பியவர் பூஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். சில இடங்களில் அதற்கு 1547 என்று வருஷம் போட்டிருக்கிறார்கள். பூஷே பிறந்ததே 1655-ல்தான், அப்புறம் எப்படி? :-) வீரமாமுனிவரும் இங்கே பணி செய்திருக்கிறார்.

அங்கே ஒரு பாட்டியைப் பார்த்தேன். மகனைப் பறிகொடுத்தவர். "சர்வேசுரன் சித்தம் தம்பி, நாம என்ன பண்ண முடியும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சொல்தான் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

சர்வ + ஈசுரன், அதாவது எல்லாவற்றுக்கும் அதிபதி. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்து கத்தோலிக்கர் வாயில் புழங்கிய பெயர். அதற்கும் முன்னால், 1578-ல் கொல்லத்தில் அச்சான புத்தகத்தின் பேர் 'தம்பிரான் வணக்கம்'. சீர்திருத்த சபைக்காரர்கள் பராபரன், கர்த்தர் என்றார்கள். இன்றைக்கு எல்லாரும் சொல்வது 'ஆண்டவர்'. இவற்றில் பெரும்பாலான பெயர்களுக்குள் ஆட்சி என்கிற எண்ணம் இருக்கிறது. கடவுளின் இறையாண்மை என்று புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான்.

வெறும் பேர்தானே என்று நினைக்க வேண்டாம். தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கிவிட்டார். அதில் ஒருத்தி கிழவன் சேதுபதிக்கு உறவு. விளைவு, ஞானஸ்நானம் கொடுத்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். ராஜாவுக்கு மேலே ஒரு ராஜா என்றால் அரண்மனை சும்மா இருக்குமா? (விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் கதி என்ன என்பதும் நியாயமான கேள்விதான்.) இதே கிழவன் சேதுபதிதான் ரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமையைக் கொடுத்தவர். பின்னால் வந்த தொண்டைமான்கள் தங்களை 'பிரகதாம்பாள் தாஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள். ஆக, ஆளுகிறவனுக்கும் மேலே ஒரு ஆள் உண்டு என்பது நம்ம ஊருக்குப் புதுசில்லை.

சரி, எல்லாம் அவர் ஆட்சி என்றால் நடப்பதெல்லாம் தலைவிதியா? இதே சண்டை ஐரோப்பாவிலும் நடந்தது. யார் யாருக்கு மீட்பு என்பதைக் கடவுளே முன்குறித்துவிட்டார் என்றார் கால்வின். மொலினா என்ற ஏசு சபைப் பாதிரியார் 1588-ல் ஒரு புத்தகம் போட்டார். மனுஷன் சுதந்திரமாக எதைத் தேர்ந்தெடுப்பான் என்று கடவுளுக்கு முன்பே தெரியும், அதை அறிந்தே உலகத்தை நடத்துகிறார், ஆனால் யாரையும் பலவந்தப்படுத்துவதில்லை என்பது அவர் கட்சி. டொமினிக்கன் சபையார் கடுமையாக எதிர்த்தார்கள். 1607-ல் போப் ஐந்தாம் பவுல், யார் சரி என்று தீர்ப்பே சொல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் கண்டிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி முடித்து வைத்தார்!

நொபிலி, அருளானந்தர், பூஷே, வீரமாமுனிவர் எல்லாருமே அதே ஏசு சபைதான். மறுபிறப்பை மறுத்து 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்று நொபிலி தனியாகவே ஒரு நூல் எழுதினார். போன ஜென்மத்து வினை என்ற கணக்கு அவருக்கு ஒத்து வரவில்லை.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். சித்தம் என்று சொன்ன கையோடு பீடத்தைப் பார்த்து, "ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்று ஒரு பாட்டம் சண்டை போட்டார். எனக்கு அப்போதுதான் வித்தியாசம் பிடிபட்டது. தலைவிதியிடம் யாராவது நியாயம் கேட்பார்களா? ஆளுகிறவர் ஒருத்தர் இருந்தால்தானே முறையிட முடியும். மகன் போனதற்குப் பாட்டிக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் கேட்பதை அவர் நிறுத்தவும் இல்லை.