கூட்டிப் பார்க்கும் வெற்றி: பிரட்பி கேடயமும் கண்டியின் பாதியும்

அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் கால்பந்துப் பருவம் ஸ்டாக் பௌல் என்ற ஒற்றை ஆட்டத்தோடு முடிகிறது. 1993 முதல் 2017 வரை அது நடந்த இடம் வர்ஜீனியாவின் சேலம் என்ற சிறு நகரம். 2005 முதல் 2011 வரை ஆண்டு தவறாமல் அங்கே மோதிய மவுண்ட் யூனியன், விஸ்கொன்சின்-வைட்வோட்டர் இரண்டுமே வெளிமாநிலக் கல்லூரிகள். யாருக்கும் சொந்தமில்லாத மண்ணில் ஒரே நாளில் தீர்ப்பு.

கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு ரோயல் கல்லூரியும் ஆடும் பிரட்பி கேடய றக்பி இதற்கு நேர்மாறு. ஓர் ஆட்டம் கொழும்பில், இன்னொன்று கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, மிகுதி யாருக்கோ அவருக்கே கேடயம். இப்போட்டியைப் பற்றிய எழுத்துகள் பழைய மாணவரின் ஆரவாரத்தைத் தாண்டுவது அரிது. ஆரவாரம் எந்தப் பள்ளிக்கூட ஆட்டத்துக்கும் உண்டு. பிரட்பியைத் தனித்து நிறுத்துவது அந்தக் கூட்டல் கணக்குத்தான்.

முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஓர் அணி பத்துப் புள்ளி பின்தங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கிடைக்கும் தண்டனை உதையால் தோல்வியை மாற்ற முடியாது. ஒற்றை இறுதியாட்டமென்றால் அதைக் கம்பத்துக்கு உதைப்பதே வீண். பிரட்பியில் அப்படியல்ல: பத்து ஏழாகக் குறைந்தால், ஒரு ட்ரையும் அதன் மேலதிக உதையும் அடுத்த ஆட்டத்தில் கணக்கைச் சமன்செய்துவிடும். தோற்கிற அணிக்கும் கடைசி விசில்வரை வேலை இருக்கிறது. வெல்கிற அணியோ வென்றதில் திருப்தியடைய முடியாது. எவ்வளவால் வென்றோம் என்று பார்க்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் இடைவெளி பெரிதாகிவிட்டால் இரண்டாவது சடங்காகிவிடாதா? ஆகலாம். ஆனால் அப்போதும் அன்றைய ஆட்டத்தின் வெற்றி தனியாக எண்ணப்படுகிறது. கேடயத்தை இழந்தவரும் அந்த நாளை வெல்லலாம். எல்லாவற்றையும் ஒரே மாலையில் தொலைக்கும் முறையைவிட இது நியாயமானதென்றே தோன்றுகிறது.

தலைநகருக்குப் பாதி, மலைநகருக்குப் பாதி என்ற இந்தப் பங்கீட்டை யாரோ கண்டிக்குக் காட்டிய சலுகையாகக் கொள்வது தவறு. பாடசாலைகளுக்கிடையிலான றக்பி இலங்கையில் கண்டியில்தான் தொடங்கியது: 1906இல் திரித்துவமும் கிங்ஸ்வூட்டும் மோதின. ஏ. ஜி. பிரேசர் அப்போது திரித்துவத்தின் அதிபர். கிங்ஸ்வூட்டை 1891இல் நிறுவிய எல். ஈ. பிளேஸ் திரித்துவத்திலேயே படித்தவர்; ஆக, அது கிட்டத்தட்ட வீட்டுக்குள் நடந்த போட்டி. ரோயலும் திரித்துவமும் முதலில் சந்தித்தது 1920இல். ரோயல் அதிபர் ஈ. எல். பிரட்பி கேடயத்தைக் கொடுத்த 1945க்குள் அந்த உறவுக்குக் கால் நூற்றாண்டு வயதாகிவிட்டது. கேடயம் போட்டியை உண்டாக்கவில்லை. இருந்த போட்டிக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது.

அந்தக் கணக்கேட்டைப் படிப்பதில்தான் எச்சரிக்கை தேவை. 1945இல் ஒரு ட்ரைக்கு மூன்று புள்ளி. தண்டனை உதைக்கும் அதே மூன்று. எழுபதுகளின் தொடக்கத்தில் உலக றக்பி ட்ரையின் மதிப்பை நான்காக்கியது, 1992இல் ஐந்தாக்கியது. தண்டனை உதை மட்டும் மூன்றிலேயே நின்றது. இன்றைய பதினைந்து புள்ளி வித்தியாசம் மூன்று ட்ரைக்குச் சமம்; கேடயத்தின் முதல் ஆண்டில் அதற்கு ஐந்து ட்ரை வேண்டும். ஆகவே ‘மிகப் பெரிய வெற்றி’ என்று பல தலைமுறைகளை ஒரே வரிசையில் நிறுத்தும் பட்டியல்கள், ட்ரைகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் தராதவரை, ஆய்வாளருக்குப் பயன்படா.