மறதி நோயும் கேமராவும்

1902ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் அகஸ்டே என்ற பெண்மணியைப் புகைப்படம் எடுத்தார்கள். நினைவிழந்து வந்தவர் அவர். அவருடைய நோயைத்தான் 1906ல் டாக்டர் ஆல்சைமர் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அந்தப் படத்தில் அகஸ்டே வெறும் நோயாளி மட்டுமே.

நூறாண்டுகளுக்குப் பிறகு இன்னொரு தாய். கனடா நாட்டு ஓவியர் டோனி லூசியானியின் வீட்டுக்கு 91 வயதில் அவருடைய அம்மா எலியா குடிவந்தார். அவருக்கும் மறதி நோய். மகன் புதுக் கேமராவைச் சோதித்துப் பார்த்தபோது அம்மா குறுக்கே வந்து நின்றார். பிறகு காட்சிகளை இருவரும் சேர்ந்தே யோசித்து அமைத்தார்கள். அப்படங்கள் நூலாகவும் வந்தன.

நினைவு தேய்ந்தாலும் கற்பனை உடனே போய்விடுவதில்லை நண்பர்களே! "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்கத்தான் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.