பொட்டலத்தில் மடித்த மலை

எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையின் கடைசி அலமாரியில் 412 பாசிப் பொட்டலங்கள் இருந்தன. முப்பது வருஷம் அங்கே பாடம் நடத்தியபோது நான் அதைத் திறந்தது நாலைந்து தடவைதான். ஓய்வு பெற்ற பிறகு, அவற்றைக் கணினியில் பதிந்து தர முடியுமா என்று துறையில் கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். ஒன்றரை வருஷம் ஆயிற்று.

பாசி என்றால் எது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். குளத்தில் மிதப்பதையும் பாசி என்கிறோம், செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியையும் பாசி என்கிறோம். முன்னது ஆல்கா, பின்னது லைக்கன். நான் சொல்வது மாஸ். மழைக்காலத்தில் மதில் மேல் பச்சை வெல்வெட் மாதிரி படருமே, அது. சிறு தண்டு உண்டு, இலை உண்டு, வேர் கிடையாது.

பூச்செடியை அழுத்தி, உலர்த்தி, அட்டையில் ஒட்டுவார்கள். படம் எடுத்தால் செடி முழுசாகத் தெரியும். மாஸைக் காற்றில் உலர்த்திக் காகிதத்தில் மடித்து வைப்பதுதான் வழக்கம். படம் எடுத்தால் பொட்டலம்தான் தெரியும். அதனால் மேலே சீட்டில் எழுதியிருக்கும் நாலு வரிக்கு, உள்ளே இருக்கும் செடிக்குச் சமமான மதிப்பு உண்டு.

தென்னிந்திய மாஸ்களுக்குப் பெயர் வைத்தவர்கள் பலர் இந்த மலைகளைப் பார்த்ததே இல்லை. புதுச்சேரியில் இருந்த பெரோத்தே நீலகிரியில் சேகரித்து அனுப்பியதைப் பாரிசில் மொன்தாஞ் என்ற ராணுவ மருத்துவர் ஆராய்ந்து 1842-இல் வெளியிட்டார். 1859-இல் இந்திய மாஸ்களைத் தொகுத்து எழுதிய வில்லியம் மிட்டன், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மருந்துக்கடை வைத்திருந்தவர். பழனிமலையின் முறை வந்தது செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஜார்ஜ் ஃபொரோ காலத்தில். கொடைக்கானல் சோலைகளில் நடந்து நடந்து சேர்த்ததை அவர் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் தபாலில் அனுப்பினார். பொத்தியே தெ லா வார்த், டிக்சன் போன்றவர்கள் பிரித்துப் பார்த்துப் பெயர் சூட்டினார்கள். ஃபொரோவின் நினைவாக ஃபொரோயெல்லா என்று ஒரு பேரினமே இருக்கிறது. அவர் எழுதிய பழனிமலை மாஸ் பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. எங்கள் பழைய ஆசிரியர்கள் மாணவர்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய்ப் பொட்டலம் கட்டியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

சீட்டுகளில் இருந்த ஊர்ப் பெயர்கள் எனக்குப் பிடித்தவை. பூம்பாறை, பெருமாள்மலை, வட்டக்கானல், பேரிஜம். ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். வழி காட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை, அவர்கள் சொல்லிக்கொடுத்த இடப்பெயர் மட்டும் இருக்கிறது. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

பதிவு தொடங்கி இரண்டாம் வாரம் ஒரு தப்பு கண்ணில் பட்டது. சீட்டில் ‘மதுரா ஜில்லா, 6,800 அடி’ என்று இருந்தது. கணினி வரைபடத்தில் புள்ளி மதுரை நகரத்துக்குள் விழுந்திருந்தது, உயரம் 6,800 மீட்டர் என்று ஏறியிருந்தது. தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான்! கொடைக்கானல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது, திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது 1985-இல். பதிவில் எனக்கு உதவிய பிள்ளை இது தெரியாமல் மதுரை என்று தட்டியதில் குற்றமில்லை. 63 பொட்டலங்கள் இப்படி மலையிறங்கி வந்திருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்ப மேலே ஏற்றினோம். அப்போது ஒரு விதி வைத்துக்கொண்டோம்: சீட்டில் உள்ளதை எழுத்துப்பிழையோடு அப்படியே ஒரு கட்டத்தில் எழுத வேண்டும், நம் திருத்தம் பக்கத்துக் கட்டத்தில்தான் போக வேண்டும்.

வருஷமே இல்லாத ஒரு பொட்டலமும் இருந்தது. செய்தித்தாளை மடித்துக் கட்டியிருந்தார்கள். பிரித்தபோது உள்மடிப்பில் ‘சந்திரலேகா’ பட விளம்பரம். படம் வெளியானது 1948-இல். ஆக, பொட்டலம் அதற்கு ரொம்ப முந்தியதாக இருக்க முடியாது. அந்தக் காகிதத்தையும் படம் எடுத்துச் சேர்த்தேன்.

பெயர் கண்டுபிடிக்கிற வேலை பொறுமையானது. சுருண்டு கிடக்கும் துணுக்கில் இரண்டு சொட்டு வெந்நீர் விட்டால், எழுபது வருஷத்துக்கு முன் உலர்ந்த இலை சில நிமிஷத்தில் விரிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஊசி இடுக்கியால் ஓர் இலையைப் பிய்த்து நுண்ணோக்கியில் வைத்துச் செல்களின் வடிவம் பார்ப்பேன். இலைகள் இரண்டே வரிசையில் அமைந்து, அடிப்பகுதி பை மாதிரி தண்டைத் தழுவியிருந்தால் ஃபிசிடென்ஸ். வித்துப்பை கிடைத்தால் அதன் வாயிலுள்ள பற்களை எண்ணுவேன், பெரும்பாலும் பதினாறு. 71 பொட்டலங்களுக்கு இன்னும் இனப்பெயர் வைக்க முடியவில்லை. பேரினத்தோடு நிறுத்திவிட்டேன். ஊகித்து எழுதுவதைவிட அது மேல்.

பழைய சருகு எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். மாஸுக்கு வேர் இல்லாததால் மழையிலும் காற்றிலும் வருவதை இலையாலேயே வாங்கிக்கொள்கிறது. உலோகம் வந்தால் அதுவும் உள்ளே தங்கிவிடும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையைச் சுற்றிப் பாதரசம் பரவியதை, அங்கே வளர்ந்த மாஸையும் லைக்கனையும் சோதித்து ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டார்கள். அந்த ஆலை வருவதற்கு வெகுகாலம் முன்பே அதே மலையில் எடுத்த மாஸ் எங்கள் அலமாரியில் இருக்கிறது. சீட்டில் இடமும் தேதியும் இருப்பதால்தான் அதை ஒப்பிட முடியும். புல்வெளிகளில் சீகை மரமும் யூகலிப்டஸும் பைனும் நட்டுவிட்ட பிறகு, முன்பு அங்கே எந்த மாஸ் இருந்தது என்று கேட்கவும் இந்தப் பொட்டலங்கள்தான் மிச்சம்.

பழைய கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இடம் போதவில்லை என்று அலமாரியை ஒழிக்கும் நாள் வரும்போது, செய்தித்தாள் பொட்டலங்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். செடியின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. சீட்டைக் கிழிக்காமல் உலர்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள்.